நீலம் மட்டும் நின்ற காலை

உபயோகமில்லாத பொருள் வீட்டில் கிடந்தால் நந்தினிக்கு ஆகாது. மூடி தொலைந்த டப்பாவாக இருந்தாலும் அன்றைக்கே வெளியே போய்விடும். அவளுடைய மாமியார் கோவிந்தம்மா காலி டப்பாக்களை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துத்தான் பசியாவரம் தீவில் குடும்பம் நடத்துகிறாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுப்பது நந்தினியின் வேலை. ஊருக்கும் ஒன்று செய்து வைத்திருந்தாள். ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்பது முறை வைத்து மாறும். படகுகளுக்கு அடித்திருக்கும் நீலம், சிவப்பு, மஞ்சள்தான் அந்தந்தக் கூட்டாளிகளுக்கு அடையாளம். போனைத் திறந்தால் ஒவ்வொரு பாடும் அன்றைய முறைக்காரர் நிறத்தில் தெரியும்.

திறந்தால்தானே! தீவில் சிக்னல் இழுத்துக்கொண்டே இருந்தது. ரெடிமேட் டிசைனில் கட்டிய பக்கம் அது. நிறம், எழுத்தளவு எல்லாம் சொல்லும் ஸ்டைல்ஷீட்டில் முக்கால்வாசி யாருக்கும் தேவையில்லாத வரிகள். பக்கம் ஏற்றுவதற்குத் தயாராகி பில்ட் ஆகும்போதே அவற்றைக் கழித்துவிடும் கருவி ஒன்றை நந்தினி சேர்த்தாள். பக்கத்துக்குள் பெயர் எழுதியிருக்கும் ஸ்டைலை அது விட்டுவைக்கும். பெயர் கண்ணில் படாததைத் தூக்கிவிடும். புருஷன் லோகேஷின் படகு நிறமான நீலத்தை மாதிரிக்கு எழுதி வைத்துப் பார்த்தாள். சட்டென்று திறந்தது. மகிழ்ச்சியாக ஏற்றிவிட்டாள்.

விடிந்ததும் சிவப்புப் படகுக்காரர் உலகநாதன் போனை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"இன்னாம்மா இது? உன் ஊட்டுக்காரன் பாடு மட்டும் கலரா கீது. எங்களுது வெள்ளையா கீது. மொறைய எடுத்துட்டீங்களா? சாய்ங்காலம் கூட்டத்துல இத நிறுத்தச் சொல்லப் போறேன்."

நந்தினிக்கு முகம் செத்துவிட்டது. பக்கம் போனால் போகட்டும். புருஷனுக்காக ஊர் முறையை மாற்றினாள் என்ற பேச்சு வந்தால் தண்ணீர்க் குழாயடிக்குக்கூடப் போக முடியாது.

மீன் கழுவிய கையோடு கோவிந்தம்மா வந்தாள். "தே, உலகநாதா! எம் மருமவ தூக்கிப் போடுவா, ஒத்துக்கறேன். என் டப்பாவெல்லாம் போட்டவதான். அடுத்தவன் மொறைய எடுக்க மாட்டா."

நந்தினி அதற்குள் லேப்டாப்பைத் திறந்திருந்தாள். மாதிரியில் நீலத்தின் பெயர் முழுதாக எழுதியிருந்தது. சிவப்பும் மஞ்சளும் எங்கேயும் இல்லை. முறை யாருக்கென்று பார்த்து, திறக்கும்போதுதான் பக்கம் அந்தப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளும். கருவி குப்பையென்று எடுத்துவிட்டது.

"எம்மேலதான் தப்பு மாமா. குந்துங்க."

தொடக்கூடாதவை என்று எல்லா நிறங்களின் பெயரையும் கருவிக்கு எழுதிக் கொடுத்து, மறுபடி பில்ட் செய்து ஏற்றினாள். கோவிந்தம்மா கொடுத்த டீ ஆறுவதற்குள் போனில் சிவப்பு வந்தது. உலகநாதன் மஞ்சளையும் தேடிப் பார்த்தார்.

"சீக்கிரமாத்தான் தொறக்குது," என்றார், குறை சொல்வது போல. கூட்டத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் நந்தினி எதை மாற்றினாலும் முதலில் சிவப்பைப் பார்க்கிறாள், பிறகு மஞ்சளை.

"எங்க கலரு கடைசியாமே?" என்றான் லோகேஷ்.

"ஊட்டுக்காரன்னா கொஞ்சம் காத்துக்கினு குந்தித்தான் இருக்கணும்," என்றாள்.