எட்டாம் நம்பர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பில் ஏறிய பஸ் என்னை ஹட்டனில் இறக்கிவிட்டபோது மணி பன்னிரண்டு. நூற்றுமுப்பது கிலோமீட்டருக்கு ஆறு மணித்தியாலம். இடுப்பு என்னுடையதாக இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் பந்தயக் கார் ஓட்ட ஒப்புக்கொண்ட வாயைத் திட்டிக்கொண்டே அறுபது ரூபாய் பிளேன்டீ ஒன்றைக் குடித்தேன்.

கூப்பிட்டவர் பலீல் நானா. ஹட்டனில் கராஜ் வைத்திருப்பவர். மூன்று வருடமாகத் தன் கையாலேயே ஒரு பந்தயக் கார் கட்டியிருந்தார். இரும்புக் குழாய்ச் சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின். கூரை, கதவு, முன்கண்ணாடி எதுவும் கிடையாது. மொத்தம் முந்நூற்றெண்பது கிலோ. காரின் எடையைக் குறைத்தவர் தன் எடையைக் குறைக்க மறந்துவிட்டார்; சீட்டுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. ஓட்டவிருந்த மருமகனுக்குக் கை முறிந்துவிட, முன்பு பந்தயம் ஓடிய என் ஞாபகம் வந்திருக்கிறது.

"ஏப்ரல் பந்தயத்துல சேக்கணும்னா, மலை ரோட்டுல எவ்வளவு நேரத்துல ஏறுதுன்னு காட்டணும் சேர். தோட்டத்துத் தொரை நாளைக்கு ஏழுல இருந்து எட்டு வரைக்குந்தான் ரோட்டக் குடுத்திருக்காரு. இத விட்டா அடுத்த வருசந்தான்" என்றார்.

அந்தத் துரை நிர்வகிக்கும் தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு அப்பால் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து பங்களா கேட் வரை இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், பதினொரு வளைவுகள். வளைவுகளுக்குச் சுண்ணாம்பால் எண் எழுதி, அன்று மாலையே நானா என்னை நடக்கவைத்து மனப்பாடம் செய்யவைத்தார். முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன.

ஞாயிறு காலை 6.40. காரை லொறியிலிருந்து இறக்கும்போது, வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்:

"எட்டாம் நம்பர்ல இன்னைக்குக் கொழுந்து எடுக்குறாங்க. பாத்துப் போங்க."

நானா உடனே எட்டாம் வளைவுக்குச் சிவப்புக் கொடியோடு கராஜ் ஆள் ஒருவரை அனுப்பினார். எட்டில் வேகத்தைக் குறைத்தால் போதும் என்று நானும் குறித்துக்கொண்டேன்.

7.10க்குப் புறப்பட்டேன். தரைக்கும் எனக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பனி ஊசியாக முகத்தில் குத்தியது. ஸ்டியரிங்கைத் திருப்ப நினைத்த மாத்திரத்தில் கார் திரும்பியது. மூன்றாம் வளைவுக்குள் இடுப்பு வலியை மறந்தேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

நாலாம் வளைவைத் திரும்பியதும் ரோட்டை அடைத்தபடி பெண்கள். விடிந்ததும் பறித்த கொழுந்துப் பைகளோடு நிறுவைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரேக்கின்மேல் ஏறி நின்றேன் என்றே சொல்லவேண்டும். முன்னால் நின்ற அம்மாவுக்கும் காருக்கும் ஒரு கை தூரம் இருந்தது.

"எட்டாம் நம்பர்ல நிக்கிறோம்னு கண்டாக்கையா சொல்லலீங்களா சார்?" என்று கேட்டார் அவர்.

"இது நாலாவது வளைவுதானே?"

"வளைவுக்கு யாரு சார் நம்பர் வச்சா? மலைக்குத்தான் நம்பரு. இந்தா, இதுதான் எட்டாம் நம்பரு."

அந்தச் சரிவு முழுக்க எட்டாம் நம்பர் மலையாம். வளைவுக்கு எண் வைத்தது நாங்கள் மட்டுந்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மூச்சிரைக்க ஓடிவந்தார் நானா. மணி 7.25. "நாங்க ஓரமா நிக்கிறோம், நீங்க ஓட்டுங்க" என்றார்கள் பெண்கள். நானா என்னைப் பார்த்தார். ஓட்டுகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் கால் இன்னும் பிரேக்கை விட்டு எழாததை அவர் பார்த்துவிட்டார். அவருடைய ஒரு வருடம் என்னால் போகிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேணாம். லொறியக் கொண்டாங்க" என்றார் நானா.

காரை ஏற்றுவதற்கு அந்தப் பெண்களே பைகளை இறக்கிவைத்துக் கைகொடுத்தார்கள். "இம்புட்டுத்தான் கனமா நானா? இத விட எங்க பையே கனம்" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார்.

லொறி தலவாக்கலையைத் தாண்டியது. ரோட்டைப் பார்த்தபடியே நானா கேட்டார்: "பிரேக் நல்லாப் புடிச்சுச்சு, இல்லையா சேர்?"

"நல்லாப் பிடிச்சது நானா" என்றேன்.

"அது போதும்" என்றவர், கண்களைத் துடைத்துக்கொண்டார்.