ஐஃபல் மலையில் வீடு பார்த்த கதை

போன சனிக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போயிருந்தேன். எனக்காக அல்ல. ஜெர்மனியின் பான் நகரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் சிவநேசன் அண்ணைக்காக.

அண்ணை அறுபதை நெருங்குகிறார். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் மாவு பிசையும் மெஷினுக்குப் பொறுப்பு. மனைவி வசந்தி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மகள் ஆஹென் நகரில் என்ஜினியரிங் படிக்கிறாள். இலங்கைப் போரின் கடைசி நாட்கள்வரை வன்னியில் இருந்துவிட்டு வந்தவர்கள். மகளுக்கு மூத்தவனாக ஒரு மகன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்கிற விஷயமா அது?

உக்ரைனில் சண்டை தொடங்கியதிலிருந்தே அண்ணை ஒரு மாதிரி ஆகிவிட்டார். வீட்டில் தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து வையுங்கள் என்று இங்கே அரசாங்கமே சொல்லத் தொடங்கியதும் அவருக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் யூடியூப்தான். உலகமே கவிழ்ந்தாலும் தாக்குப்பிடிக்கத் தயாராகிறவர்கள் – 'பிரெப்பர்' என்கிறார்கள் – போடுகிற வீடியோக்கள். பெரும்பாலும் தாடிக்காரர்கள். விறகு பிளந்துகொண்டே பேசுவார்கள். உங்களுக்கும் எனக்கும் அது பொழுதுபோக்கு. அண்ணைக்கு அப்படியில்லை. ஒரு தேசம் கவிழ்வதை அவர் உள்ளே இருந்து பார்த்திருக்கிறார்...

அப்படித் தேடித்தான் இந்தப் பண்ணை வீட்டைக் கண்டுபிடித்தார். ஐஃபல் மலையில், பெல்ஜிய எல்லைப் பக்கம். குளிருக்குப் பேர்போன பகுதி. என்னிடம் கார் இருக்கிறது என்பதால் நானும் சேர்க்கப்பட்டேன்.

பானில் நல்ல வெயில். மலை ஏற ஏறப் பனி. ஊருக்குள் நுழைந்தபோது ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. மூடிய கடை ஒன்று, கண்ணாடியில் பழைய விளம்பரத்தோடு.

வீட்டுக்காரரின் மகள் கிறிஸ்டா எங்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கும் அண்ணையின் வயதுதான் இருக்கும். தனியாக இருந்த அப்பா போன இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டாராம்.

அண்ணை வீட்டைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. விசாரணை நடத்தினார். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுக் காது கொடுத்தார். கோடையில் வற்றுமா? வற்றாதாம். விறகுக் கொட்டிலில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார். காய்ந்த பீச் மரம், நின்று எரியும். முகம் மலர்ந்தது. தோட்டத்தில் ஒரு கம்பியை இறக்கப் பார்த்தார் – இறங்கவில்லை. மண் கல்லாக உறைந்திருந்தது. மே மாதத்திலும் உறைபனி வருமாம். தக்காளி கண்ணாடி வீட்டுக்குள்தான். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் வெளியிலேயே வளருமாம்.

ஆஸ்பத்திரி? நான்தான் கேட்டேன். மலை இறங்கிப் போக வேண்டும். கிறிஸ்டா எதையும் மறைக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோதும் ஆம்புலன்ஸ் பிந்தித்தான் வந்தது என்றார்.

இப்படி ஆளரவம் இல்லாத இடத்தில் எப்படி இருப்பீர்கள் என்று அண்ணையிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஆக்கள் இல்லாததுதான் தம்பி நல்லது. ஆக்கள் சேர்ந்து இருக்கிற இடத்துக்குத்தான் ஷெல் அடிப்பாங்கள்."



வசந்தி அக்கா இவ்வளவு நேரமும் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கடைசியாகக் கிறிஸ்டா சமையலறையின் மூலையில் ஒரு கதவைத் திறந்தார். கல் படிகள் கீழே இறங்கின. நிலவறை. பாறையைக் குடைந்து, மேலே கல்லால் வளைத்துக் கட்டியது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் இந்த மலையெங்கும் ஷெல் விழுந்தபோது, சின்னப் பையனாக இருந்த அவருடைய அப்பாவும் மொத்தக் குடும்பமும் இதற்குள்தான் இருந்தார்களாம். மேலே கூரை போய்விட்டது. கீழே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிறிஸ்டாவின் குரலில் பெருமை.

அண்ணை டார்ச்சோடு இறங்கினார். சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "வசந்தி, வந்து பாரும். ஒரு சொட்டு ஈரமில்லை" என்று கீழேயிருந்து கூப்பிட்டார்.

அக்கா அசையவில்லை. கிறிஸ்டாவைப் பார்த்து ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்டார். போருக்குப் பிறகு உங்கள் அப்பா இந்த நிலவறைக்குள் இறங்குவாரா?

கிறிஸ்டா பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். யோசித்தார்.

இல்லை என்றார். உருளைக்கிழங்கு எடுக்க அம்மாதான் போவார். வைன் எடுக்கவும் அம்மாதான். அப்பாவுக்குச் சோம்பல் என்று பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம்... சொல்லிக்கொண்டே வந்தவர் படிகளைப் பார்த்தபடி நின்றுவிட்டார். தன் அப்பாவைப் பற்றி அந்த நிமிடம்தான் அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

அக்கா தலையாட்டினார். முதியோர் இல்லத்தில் அந்தப் போரைச் சிறுவயதில் கண்டவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி அவருக்குப் பழக்கம். பிறகு படி வாசலில் நின்று, கீழே இருந்த கணவனிடம் தமிழில் பேசினார். குரல் உயரவில்லை.

"என்னால ஏலாதப்பா. அண்டைக்கு வெளியில நிண்டவனை பங்கருக்குள்ள போ எண்டு சொன்னது நான்தானே."

கீழே தட்டுகிற சத்தம் நின்றது.

கடற்கரை மணலில் தோண்டிய பதுங்குகுழி அந்தப் பங்கர். பக்கத்தில் ஷெல் விழுந்ததும் மணல் அப்படியே உள்ளே இருந்த மகன்மேல் சரிந்துவிட்டது. அக்காவும் மகளும் கஞ்சி வரிசையில் நின்றதால் தப்பினார்கள். இவ்வளவையும் அக்கா இரண்டு மூன்று வாக்கியத்தில், காரில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார். அண்ணை முன் சீட்டில் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். பான் எல்லைக்குள் வந்தபோது சொன்னார்.

"நல்ல வீடு தம்பி. ஒரு குறையும் சொல்ல ஏலாது."

பிறகு, "இவ்வளவு வருசமா அவ இதை மனசுக்குள்ள வச்சிருந்திருக்கிறா. எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

பின் சீட்டிலிருந்து அக்காவின் கை வந்து அவர் தோளில் பதிந்தது. 

அந்தத் தாடிக்காரர்களின் வீடியோக்களை நானும் பிறகு பார்த்தேன். கிணறு, விறகு, மண், நகரத்திலிருந்து தூரம் என்று எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறார்கள். திறமையாகத்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் போய் இருக்கப்போகிறவர் ஏற்கெனவே என்ன பார்த்துவிட்டு வந்தவர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டு மார்க் போடவும் முடியாது, இல்லையா?

திங்கட்கிழமை அண்ணை கிறிஸ்டாவுக்கு போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கிறிஸ்டா கேட்கவில்லையாம். வசந்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றாராம்.

இப்போதைக்கு இருவரும் அதே பழைய ஃபிளாட்டில்தான், கட்டிடத்தின் உச்சி மாடியில். குண்டு விழுந்தால் முதலில் போவது உச்சி மாடிதான் என்கிறார் அண்ணை.

அக்காவுக்கு அது பரவாயில்லையாம்.