சவேரிமுத்துவுக்கு ஒரு பூசை

"கதைக்காக ஒருவனைச் சாகடித்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா சார்?" என்று, நான் நாவல் எழுதுவதை அறிந்த ஒரு மாணவி முன்பு கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

இன்று தேவாலயத்தில் காலைப் பூசையில் பங்குச்சாமியார் இறந்தோர் பெயர்களை வாசித்தார். "கடலில் இறந்த சவேரிமுத்து" என்றார். எங்கள் கரையில் எத்தனையோ சவேரிமுத்துகள். நானும் முழந்தாளிட்டு உருக்கமாக வேண்டினேன்.

வெளியே வந்ததும், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் புஷ்பம் சொன்னார்.

"நம்ம சவேரிமுத்துதான் சார். ஒங்க நாவல்ல கடலோட போனாருல்ல. நாந்தான் பூசைக்குப் பேர் குடுத்தேன்."

"அவன் கற்பனை ஆளும்மா."

"தெரியும் சார். டிவி சீரியல்ல செத்தவுக மறுவாரமே எந்திரிச்சு வாராக. ஒங்க ஆளு வரவே இல்ல. சாகடிச்ச நீங்க ஒரு பூசையாச்சும் வச்சிருக்க வேணாமா? சாமியார்ட்ட சொல்லிராதீக."

சொல்வதா வேண்டாமா என்று இப்போதும் தெரியவில்லை. இல்லாத முகவரிக்கு எழுதிய கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வேண்டுதல் எங்கே போயிருக்கும்?

நீங்களும் கதையில் இறந்த ஒருவருக்காக ஒரு நிமிடம் வேண்டிப் பாருங்கள். யார் முகம் வந்தது என்று கீழே எழுதுங்கள்.