ஐந்தாம் மாடியில் ஒருத்தி

பினாங்கில் எனக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் முதல் காரணம். கடல் இருக்கிறது, தமிழில் பேசினால் புரிந்துகொள்வார்கள் என்பதெல்லாம் பிறகு சேர்ந்தவை.

மதுரையில் ரயில்வே முன்பதிவுக் கவுண்ட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எங்கெங்கோ போய்வந்தார்கள். நான் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டும் போய்வந்தேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். ஒரு மாதம் வெளிநாடு போய்வருகிறேன் என்றதும் அண்ணன், இந்த வயதில் போவதென்றால் காசிக்குப் போ, துணைக்கு நானும் வருகிறேன் என்றார். துணை இல்லாமல் போகத்தான் ஆசைப்படுகிறேன் என்றேன். கிளம்பும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

விமானம் காலையில் இறங்கியது. என் பெட்டி இறங்கவில்லை. பெட்டிகள் வரும் பட்டை காலியாகச் சுற்றுவதைப் பார்த்தபடி நான் மட்டும் நின்றேன். பெட்டி சென்னையிலேயே தங்கிவிட்டதாகவும் சில நாளில் வந்துவிடும் என்றும் அங்கிருந்த பெண் சொன்னாள். கையில் பாஸ்போர்ட், மாத்திரை, கைபேசி, ஒரு பொட்டலம் முறுக்கு. உடம்பில் ஒரு சுங்குடிச் சேலை. சரி, தூக்கிச் சுமக்க ஒன்றுமில்லை என்று வாடகைக் காரில் ஏறினேன்.

தீவின் ஜெலுத்தோங் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி அறையை மதுரையிலிருந்தே இணையத்தில் பதிவு செய்திருந்தேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியேறிப் போய், அடைத்திருந்த கதவின் முன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில், அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் பக்கத்துச் சுங்கை பினாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாவியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், படிக்கட்டையும் பார்த்தார்.

“மத்தவங்க எங்கம்மா?”

மற்றவர்கள் யாருமில்லை என்றேன்.

“ஒரு ஆள்தானா? நான் ஃபேமிலின்னு நெனச்சேன் லா. தனியா இருக்க லேடிக்குக் குடுக்க முடியாதும்மா.”

‘லா’ என்பது அந்த ஊர்ப் பேச்சின் வால். பதிவு செய்யும்போது ஒருவர் என்றுதான் போட்டிருந்தேன். அவர் கவனிக்கவில்லை. கோபக்காரர் இல்லை, பயந்தவர். முன்பு அந்த அறையில் தங்கிய பெரியவர் ஒருவர் நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவருடைய சொந்தக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும் போலிருந்ததாம். பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், டவுனில் நல்ல ஹோட்டல் பார்த்துத் தருகிறேன் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் என் வாழ்நாள் முழுக்க என்னைப் பற்றிய முடிவுகளை எடுத்தவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. உறுதியான சீட்டு வைத்திருப்பவரை வண்டியிலிருந்து இறக்கிவிட முடியாது, அது என் தொழிலில் முதல் பாடம் என்றேன். கைபேசியில் பதிவைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கதவைத் திறக்கவில்லை. அந்தப் பொது நடைபாதையில், அவர் கதவுக்கு முன்னால், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலைந்து தடவை எழுந்திருக்கச் சொன்னார். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடமும் நீட்டினேன். வேண்டாம் என்று யாருக்கோ போன் பண்ணப் போனார். ஒரு மணி நேரம் போயிருக்கும். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகத்தோடு வந்து நின்றாள்.

“பசியாறிட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தரையில் உட்கார்ந்திருப்பதால் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டாளோ என்று, நான் ஒன்றும் பசியோடு இல்லை என்றேன் வெடுக்கென்று. காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்கள் என்பது அப்போது தெரியாது. அவள் முகம் சுண்டாமல் உள்ளே போய் ஒரு தட்டில் இட்லியும் மிளகாய் அரைத்த சம்பலும் கொண்டுவந்தாள். சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். போன் பேசப் போயிருந்த வீட்டுக்காரரை அவள் கூப்பிட்டாள்.

“அண்ணே, தெறந்து விடுங்க. ஏதாச்சும்னா என் போனுக்குப் போடச் சொல்லுங்க. நான் தனியாத்தான் இருக்கேன், நான் என்ன செத்தா போனேன்?”

அவர் கதவைத் திறந்தார். சாவியைத் தரும்போது என் அண்ணனின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டார். அதை மட்டும் நான் மறுத்திருக்க வேண்டும்.

மாற்றுச் சேலை இல்லாமல் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அவளே வழி சொன்னாள். தொழிற்சாலை விளையாட்டு விழாவில் கொடுத்த டி-சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அவளிடம் இரண்டு மூன்று இருந்தன. அறுபத்தோரு வயதில் முதல்முறையாகக் காற்சட்டை போட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. படியில் இறங்கியபோது சிரிப்பு போய்விட்டது. ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு சந்தைவரை நடந்தேன். மீன் வெட்டும் ஈரத் தரையில் சேலை நனையுமே என்ற கவலை இல்லாமல் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். அண்ணன், இது என்ன கோலம் என்று எழுதினார். நான்காம் நாள் பெட்டி வந்தது. அதைத் திறந்து மீதி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மூடிவைத்தேன்.

கீழே தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் சீனி போடாத டீ கேட்டேன். பாகு மாதிரி இனித்தது. திருப்பிக் கொடுத்தேன். சீனி போடவே இல்லை அக்கா, பால் மட்டும்தான் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். டப்பாப் பாலே அங்கே பாதிச் சீனி. மூன்று நாள் போராடி, ‘தே சி கோசோங்’ என்று கேட்டால்தான் இனிப்பில்லாத பால் டீ வரும் என்று கற்றுக்கொண்டேன். நான்காம் நாள் நான் வாய் திறக்கும் முன் அவரே கொண்டுவந்து வைத்தார்.

ஆறாம் நாள் டவுனுக்குப் போகப் பேருந்து ஏறினேன். எங்கே இறங்குவது என்று தெரியாமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். அங்கிருந்து எல்லோரும் ஒரே பக்கம் விறுவிறுவென்று நடந்தார்கள். நானும் நடந்தேன். படகு ஒன்று நின்றது. தீவைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று நினைத்து ஏறினேன். காற்று முடியைக் கலைத்துப்போட்டது. கப்பல்கள், அப்பால் மலை, பின்னால் சுருங்கிக்கொண்டே போகும் ஜார்ஜ் டவுன். படகு சுற்றவில்லை. நேராக அக்கரைக்குப் போய்ப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. கைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டிருந்தது.

பயம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ரயில் நிலையம். என் கால் தானாக அங்கே போயிற்று. டிக்கெட் கவுண்ட்டர் முன்னால் நின்று, இந்த வண்டிகள் எங்கெங்கே போகும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். உள்ளே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: தெற்கே கோலாலம்பூர், வடக்கே தாய்லாந்து எல்லை. அவளை எனக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது. முதுகை நெளித்துக்கொள்வதுகூட என்னைப் போலவே. நடைமேடை தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, வருவதையும் போவதையும் பார்த்தபடி சாயங்காலம்வரை இருந்துவிட்டேன். பிறகு, வந்தது போலவே படகில் திரும்பி, பேருந்துக்கு வழி கேட்டு ஜெலுத்தோங் வந்து சேர்ந்தேன்.

கட்டடத்தின் கீழே வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. போன் எடுக்கவில்லை என்று அண்ணன் அவரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் கத்தியிருக்கிறார். அப்போதும் அண்ணன் லைனில்தான் இருந்தார். நான் ஊர் திரும்ப நாளைக்கே டிக்கெட் போடுகிறாராம். வீட்டுக்காரர் போனை நீட்டி, “சொன்னேன்லம்மா, எனக்கு இது தாங்காது லா” என்றார்.

போனை வாங்கினேன்.

“அண்ணே, நான் தொலைஞ்சு போகல. வழி தப்புச்சு, திரும்பி வந்துட்டேன். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. டிக்கெட் போட்டா, நீங்கதான் அதுல ஏறி எங்கயாவது போய்க்கணும்.”

வாழ்க்கையில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. வார்த்தை தடுமாறவில்லை. போனை வீட்டுக்காரரிடம் கொடுத்து, அவரை அலைக்கழித்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். தினமும் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினார். போகும் இடம் எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது என்றேன். கைபேசியில் மின்சாரம் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டேன். பாவம், அதற்கே அவர் நன்றி சொன்னார்.

மீதி இருபத்திரண்டு நாளும் இருந்தேன். இன்னும் மூன்று தடவை வழி தவறினேன்.

மதுரைக்கு வந்த அன்று அண்ணன் கூடத்தில் தொலைக்காட்சியை விட்டுத் திரும்பவில்லை. அண்ணி அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு, கணவர் கையெழுத்து வேண்டுமா என்றாள்.

தேவையில்லை என்றேன், கூடத்துக்கும் கேட்கும்படி.