வெட்டிப் போட்ட கொக்கி

செல்லூரில் என் பட்டறைக்கு வருகிற எதையும் லேசில் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப மாட்டேன். தேய்ந்த தண்டுக்கு வெல்டிங் வைத்துக் கடைசல் பிடிப்பேன். பல் உடைந்த சக்கரத்துக்குப் பல் கட்டுவேன். "புதுசு வாங்கிக்கங்க" என்று கம்பெனிக்காரர்கள் கைவிட்ட பம்புகள் என் கையால் இன்னும் ஓடுகின்றன. அதில் எனக்குத் திமிர் உண்டு. இருக்கட்டுமே.

மேலூர்ப் பக்கம் கல் குவாரி வைத்திருப்பவர் ஒருநாள் கிரேனின் கப்பியையும் கொக்கியையும் கொண்டுவந்து போட்டார். கப்பியைப் பிரித்து, பேரிங் மாற்றி, புதிதுபோல ஆக்கிவிட்டேன். கொக்கியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவினேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளை நனைக்கும். வளைவில் முடியளவு ஒரு கோடு எழுந்தது.

நாலு நாள் கழித்து, குவாரியில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரோடு அவர் வந்தார். கோட்டைக் காட்டினேன்.

"இது ஆகாதுண்ணே. வெல்டிங் வச்சா வெளிய தெரியாது. பாரம் ஏத்துனா விட்டுப்போகும்."

"ஒரு வெல்டிங், மேல பெயிண்டு. அம்புட்டுத்தான? ஒன்னால முடியாதுன்னா அடுத்த சந்துல குடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அடுத்த சந்தில் செய்து கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். பெரியவரிடம் கேட்டேன், "கல்லுக்குச் சங்கிலி மாட்டி அடியில நிக்கிறது யாருண்ணே?"

"நாந்தேன் தாயி."

கேஸ் கட்டரைப் பற்றவைத்தேன். அடுத்தவர் பொருள் என்று தெரிந்தேதான் வெட்டினேன். கொக்கி இரண்டாகத் தரையில் விழுந்தபோது குவாரிக்காரர் வாசலில் நின்றார்.

"என் சாமானை வெட்ட நீ யாரு?"

"பழுது பாக்குறவ. எதைப் பழுது பாக்கக் கூடாதுன்னு சொல்றதும் என் வேலதான். போலீசுக்குப் போறதுன்னா போங்க, இதே துண்டை அங்க வந்து காட்டுறேன்."

அவர் போலீசுக்குப் போகவில்லை. கப்பியை மட்டும் வண்டியில் ஏற்றச் சொன்னார். தனக்குத் தெரிந்த குவாரிக்காரர்கள் யாரும் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்றார். என் வேலையில் பாதி அந்தக் குவாரிகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதற்காக அவர் முன்னால் கைகட்டி நிற்க எனக்கு மனம் வரவில்லை.

கப்பியைத் தூக்க வந்த பெரியவர் குனிந்தபடியே சொன்னார், "என்னால ஒனக்குப் பொழப்புப் போச்சே தாயி."

"போனாப் போகுது. நீங்க இருக்கீகல்ல," என்றேன்.