சீர்வண்டிக் குப்புராஜ்

கழிபட்டு இழையைக் கைப்பிடியளவு உருட்டி, அதனால்தான் வண்டியின் முகத்தைத் துடைப்பார் குப்புராஜ். பருத்தித் துணி பட்டால் மேனி கீறும் என்பது அவர் கொள்கை. தறி வீடுகளில் கழித்துப் போடும் இழைகளை ஆரணி முழுதும் கேட்டு வாங்கி, இருக்கைக்கு அடியில் ஒரு பையில் அடைத்து வைத்திருக்கிறார். விடிந்ததும் முகப்புக் கண்ணாடி, அப்புறம் விளக்குகள், அப்புறம் கதவுகள். திருமேனிக்குக் காப்பிடும் அர்ச்சகரின் பக்குவத்தோடு அந்தக் கை நகரும். யாரேனும் வண்டியின்மேல் சாய்ந்துவிட்டால் போதும். "யோவ், இன்னா அது உன் மாமியார் வூட்டு செவுரா? நவுந்து நில்லுய்யா."

வாரநாள்களில் பட்டு மூட்டைகளை ஏற்றுவார். முகூர்த்தம் வந்துவிட்டால் அவருக்கு வேறு முகம். மணப்பெண்ணின் சீர்வரிசையைக் கணவன் வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதில் ஊரில் அவருக்கு நிகரில்லை. பீரோவின் நிலைக்கண்ணாடிக்கும் கட்டும் கயிற்றுக்கும் நடுவே தலையணை வைப்பார். பித்தளைக் குடங்களைக் கழுத்தோடு கழுத்துப் பிணைப்பார். குத்துவிளக்கை ஒருபோதும் படுக்கப் போடமாட்டார். அன்றைக்குச் சலவை வேட்டி, நெற்றியில் சந்தனம், காதில் ஒரு மல்லிகை.

அவருடைய பிக்கப் வண்டி புதியது. தொட்டால் ஒளிரும் திரையும், பின்னால் இருப்பதைக் காட்டும் கேமராவும் உண்டு. அவை போதாவென்று ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும், சக்கரத்தைச் சுற்றி நீல விளக்குகளையும் தம் விருப்பத்தில் பூட்டிக்கொண்டார். ஷோரூம் மெக்கானிக் அப்போதே எச்சரித்தான்: "அண்ணே, பேட்டரி தாங்காது. இது பழைய வண்டி மாதிரி இல்ல. கரண்ட் சுத்தமா எறங்கிட்சின்னா ஊரே கூடித் தள்ளினாலும் எடுக்காது. உள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குக் கரண்ட் ஓணும்." குப்புராஜ் அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் நாவுக்கு அன்றாடம் இரையாவது அன்பரசு. தண்ணீர் கேன் போடும் அவனுடைய கிழட்டு வேன் சரிவில் உருட்டினால்தான் உயிர் பெறும். "டேய் அன்பு, உன் வண்டிக்கு டிரைவர் எதுக்குடா? மேடு ஒண்ணு இருந்தா போதுமே" என்பார், தேநீர்க் கடையில் பத்துப் பேர் இருக்கையில். அன்பரசு சிரித்துக்கொண்டே கேனைத் தோளில் ஏற்றுவான்.

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டு நெய்யும் பழனியின் மகள் சுகன்யாவுக்கு மறுநாள் தேவிகாபுரத்தில் திருமணம். மாப்பிள்ளையின் அக்காள் சிவசங்கரி பெண்ணை அழைத்துப்போகக் காரில் வந்திருந்தாள். இராகுகாலத்துக்கு முன்னர்ச் சீரும் பெண்ணும் ஊரெல்லை கடக்கவேண்டும் என்பது ஏற்பாடு. சாமான்களை ஏற்றிக் கட்டிய குப்புராஜ், கூடி நின்ற விருந்தினருக்குத் திரையைக் காட்டினார், பாட்டை முழக்கினார், முகவிளக்கும் நீல விளக்கும் போட்டார். பந்திக்கு அழைப்பு வரவே ஒலியை மட்டும் தணித்தார், சாவியைத் திருப்பி அணைக்கவில்லை. ஆவணி வெயிலில் எரிகின்ற விளக்கு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. இலையில் பாயசம் இரண்டாம் முறை விழுந்தது. வண்டிப் புராணம் மோர் வரைக்கும் நீண்டது.

பிறகு முறைப்படி நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சை வைத்தார்கள். தேங்காய்மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார்கள். குப்புராஜ் ஏறி அமர்ந்து, தெருவை ஒரு பார்வை பார்த்துச் சாவியைத் திருகினார். 'டக்' என்று ஓர் ஓசை. மறுபடி திருகியபோது அதுவும் இல்லை. திரை இருண்டு கிடந்தது.

அந்தக் கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "டீசல்ல தண்ணி கலந்துகீது போல. பங்க்குல எவனோ வேலைய காட்டிட்டான். கொஞ்சம் தள்ளுங்கப்பா, ஜல்தி எடுத்துக்கும்."

தள்ளினாலும் எடுக்காது என்று அறிந்தே தள்ளச் சொன்னார். ஆடவர் பலர் முதுகு கொடுத்தனர். பாரம் நிறைந்த வண்டி மெல்ல உருண்டது. சக்கரத்தடியில் எலுமிச்சைகள் ஒவ்வொன்றாக நசுங்கின. எஞ்சின் மட்டும் மூச்சு விடவில்லை. 

"பழம் நசுங்கியும் வண்டி எழும்பல" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

சிவசங்கரி காரிலிருந்து இறங்கினாள். "எங்க வூட்டுக்கு வர்ற சீரு, தெருவுலயே குந்திகினு நகர மாட்டேங்குது. இன்னொரு ஜாதகமும் பாத்துக்கலாம்னு அம்மா அப்பவே சொன்னாங்க, நாங்கதான் கேக்கல. எதுக்கும் ஊர்ல பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுடறேன், இன்னிக்கிப் பொண்ண அழைச்சிகினு வரலாமா, வேணாமான்னு." கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அப்டி சொல்லாதீங்கம்மா, வண்டிதானே..." என்று பழனி அவள் முன்னால் கைகூப்பினார்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். குப்புராஜ் ஸ்டியரிங்கைப் பற்றியபடி அமர்ந்திருந்தார்.  ஆம்ப்ளிஃபயர் என்று வாய் திறந்தால் நாளைக்குத் தேநீர்க் கடையில் என்ன பேசுவார்கள் என்றே அப்போதும் நெஞ்சு கணக்கிட்டது. அப்படிக் கணக்கிட்ட நெஞ்சை எண்ணி இன்றைக்கும் அவர் கூசுகிறார்.

கதவருகே வளையல் ஒலித்தது. மாலையும் கழுத்துமாகச் சுகன்யா நின்றாள். அழவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அண்ணா, சாமான்லாம் எறக்கிடணுமா? அப்பாகிட்ட நீங்களே பதமா சொல்லுங்க. நான் சொன்னா ஒடஞ்சிபூடுவாரு."

குப்புராஜ் இறங்கினார்.

"அம்மா, அந்தப் போன கொஞ்சம் வைங்க" என்றார் சிவசங்கரியிடம். தெருவுக்கே கேட்டது. "டீசல்ல தண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொன்னது பொய். பாட்டையும் லைட்டையும் போட்டு பந்தா காட்டிட்டு, நிறுத்தாம துன்னப் பூட்டேன். பேட்டரி செத்துப்போச்சு. பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. கோளாறு என்னுது."

எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சிவசங்கரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்ணு வூட்டுக்காரங்க உப்பத் தின்னுட்டுப் பேசறீங்க. அவங்க தல குனியக்கூடாதுன்னு பழிய நீங்க எடுத்துக்கறீங்க. நல்ல மனசுதான். ஆனா நான் எப்டி நம்பறது?"

உண்மையைச் சொல்லியும் அது கருணையாகிவிட்டது! குப்புராஜ் திகைத்தார். "வேற வண்டி கரண்ட்ட இதுக்குக் குடுத்தா ஒடனே எழும்பும். எழும்பலன்னா நீங்க போன் போடுங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகே, ஒரு பெண்ணின் வாழ்வைக் கம்பி முனையில் கட்டிவிட்டோம் என்று உறைத்தது.

சிவசங்கரியின் காரும் கம்ப்யூட்டர் வண்டி, அதில் கம்பி கோக்கப் பயம்; மற்றபடி தெருமுனைச் சரிவில் நின்றது ஒரே வண்டி, அன்பரசுவின் வேன். குப்புராஜ் நடந்து போனார். "அன்பு... தம்பி... உன் வண்டிய கொஞ்சம் கொண்டாறியா?"

"எதுக்குண்ணா? மேடு ஓணுமா?" என்றான் அன்பரசு. கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கரண்ட் கொடுக்கும் கேபிளைத் தேடி எடுத்து, வேனைச் சரிவில் உருட்டிக் கிளப்பிக் கொண்டுவந்தான்.

பேனட்டைத் தூக்கியதும் அன்பரசு உச்சுக்கொட்டினான். பேட்டரி முனைகளில் வெள்ளை உப்புப் பூத்துக் கிடந்தது. "வெளிய பட்டு போட்டுத் தொடைக்கிறியே, இத தொறந்து பாத்து எத்தினி மாசமாச்சுண்ணா?"  கேபிளின் கவ்விகளை இரண்டு பேட்டரியிலும் மாட்டினார்கள். வேன் உறுமியது. குப்புராஜ் சாவியைத் திருகினார். திரை ஒருமுறை மினுக்கி அணைந்தது.

பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். சிவசங்கரியின் விரல் கைப்பேசியின்மேல் அசைந்தது.

"அவசரப்படாதீங்கம்மா, உப்பு தடுக்குது. சுடுதண்ணி கொண்டாங்க" என்றான் அன்பரசு. பெண்ணின் தாய் ரேணுகாம்பாள் பந்தியடுப்பிலிருந்து ஒரு செம்பு கொண்டுவந்தாள். கவ்விகளைக் கழற்றிவிட்டு முனைகளில் ஊற்ற, உப்பு நுரைத்துக் கரைந்தது. எஞ்சியதைக் குப்புராஜ் தம் வேட்டித் தலைப்பாலேயே தேய்த்தெடுத்தார். கவ்விகளை மறுபடி மாட்டி, வேனைச் சற்று நேரம் ஓடவிட்டார்கள்.  குப்புராஜின் உதடுகள் ஆரணித் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. தமக்காக வேண்டவில்லை என்பதை அத்தெய்வம் அறியும்.

திருகினார். ஒரு செருமல், ஓர் உதறல், எஞ்சின் எழுந்தது. பீரோக் கண்ணாடி அதிர்ந்து தெருவையெல்லாம் நடுங்கக் காட்டிற்று.

சிவசங்கரி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். சுகன்யாவின் கழுத்தில் திரும்பியிருந்த மாலையை நேராக்கினாள். அப்புறம் குப்புராஜிடம் வந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். "இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, எங்க வாயால அந்தப் பொண்ண அப்டிப் பேசியிருப்போமாங்க?"



தடைப்பட்டுப் புறப்படுகிறவர் ஒரு வாய் நீர் அருந்திவிட்டுக் கிளம்புவது வழக்கம். ரேணுகாம்பாள் டம்ளரை நீட்ட, சுகன்யா குடித்தாள். குடித்துவிட்டு, "அண்ணாவுக்கும் குடும்மா. தடை அவருக்குந்தானே" என்றாள்.

உப்பும் கரியும் அப்பிய கைகளிரண்டையும் ஏந்தி, குப்புராஜ் அந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்வீட்டு மதிற்சுவரை நோக்கித் திரும்பி நின்று குடித்தார்.