கோடையில் நட்ட கல்

ஜனவரி, காலை 7.15. சத்தியவேட்டிலிருந்து தடாவுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். டிக்கெட் பதினான்கு ரூபாய். கணவருக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ஒன்றரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பையில் ஒரு படிவம். பழவேற்காடு ஏரிப் பக்கம் எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்க்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் திருப்பதி அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. மே மாதம் நானே வந்து, துளையிட வேண்டிய இடத்தில் நட்டிருந்த அடையாளக் கல்லைப் பார்த்து, ‘தரிசு. நீர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்’ என்று எழுதினேன். மழைக்குப் பின்னும் பார்த்து எழுதும்படி அரசு அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

“கரையில நின்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. மார்ச்சுல உங்கள நிரந்தரம் பண்ணணும், ஞாபகம் இருக்கட்டும்” என்றார் மேலாளர்.

8.10. தடாவில் ஆட்டோ, எண்பது ரூபாய். ஓட்டுநர் முருகேசன் பாலசமுத்திரத்துக்காரர். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“கேஸ் எடுக்கட்டும் மேடம். பேக்டரி வந்ததாலதான் இங்க வண்டி ஓட்டிக்கினு கீறேன். இல்லனா ஊர்ல கூலிக்குப் போய்க்கினு இருந்திருப்பேன்.”

எங்கள் அடுப்பும் அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில்தான் எரிகிறது.

8.40. மே மாதம் எங்கள் ஜீப் ஓடிய வெடித்த சேற்றின் மேல் இப்போது கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். கல்லைக் காணோம். குழந்தையோடு படகில் ஏறலாமா? கரையிலிருந்தே எழுதிவிடலாமா? கரையில் படகோடு நின்ற வலைக்காரர் சுப்பையாவிடம் ஆழம் கேட்டேன்.

“இடுப்பளவுதாம்மா. பாப்பா பயந்தா நானே எறங்கிப் படகத் தள்ளிக்கினு வரேன்.”

கழி ஊன்றி அரை மணி நேரம் போனோம். தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரம் கல் தெரிந்தது. அதில் அவர் வலையின் ஒரு முனையைக் கட்டியிருந்தார்.

“நட்டவன் நல்லா இருக்கணும். ஆடவே மாட்டேங்குது பாரு!”

“இந்த எடத்த தரிசுன்னு எழுதினது நான்தாங்க.”

“நல்லா எழுதினே போ! கோடையில மாடு மேயும், மழையில இறா மேயும். நீ மாட்ட மட்டும் பாத்துட்டுப் போயிட்டே.”

“கேஸுக்குத் துளையே போட வேணான்றீங்களா?”

“நான் எதுக்கு வேணான்றேன்? என் புள்ள மெட்ராஸ்ல கொத்து வேலைக்குப் போய்க்கினு கீறான். இங்க வேல கெடச்சா வரட்டும். ரோட்டுக்கு அந்தாண்ட மேடு கீது, அங்க போடச் சொல்லு. இங்க போட்டா துளையிலேர்ந்து வர்ற சேறும் எண்ணெயும் இறாக் குஞ்சு மேலதான் எறங்கும்.”

கல்லை ஒட்டி அளவுநாடாவை இறக்கினேன்: எண்பத்தைந்து சென்டிமீட்டர். மகளை அவர் பிடித்துக்கொள்ள, முழங்காலில் படிவத்தை வைத்து எழுதினேன்: ‘கல் ஏரிக்குள் உள்ளது. என் மே மாதக் குறிப்பு தவறு. சாலைக்கு மேற்கே உள்ள மேட்டை மழைக்காலத்திலும் ஆய்வு செய்து பரிசீலிக்கலாம்.’ கையெழுத்துப் போடும்போது மார்ச் மாதம்தான் நினைவில் இருந்தது.

பகல் 12.15. திரும்பும் பேருந்து. சத்தியவேட்டுக்கு முன்னால் எங்கள் ஊர் ஏரி வந்தது. சித்திரையில் வறண்டதும் அதன் நடுவே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அப்போதும் ‘ஏரியில ஆடறாங்க’ என்றுதான் சொல்வோம். தரிசில் என்று ஒருவரும் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த இந்த விஷயம், மே மாதம் பேனாவைத் திறந்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. வேலை நிலைக்குமா என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் படிவத்தை மறுபடி பிரித்துத் திருத்த வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.